அப்பாவும் நானும் எண்பதாம் எண் சாலையும்

"கிளட்ச் எங்கடா?"

வண்டிக்குள் எட்டிப் பார்த்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஆட்டோ பா."

"இவ்ளோ பெரிய வண்டி ஆட்டோவா?" முகத்தைச் சுளித்துவிட்டு இறங்கிப் போய் டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். இடது காலால்.

2024 ஜூலை. சிகாகோவுக்கு வெளியே ஒரு வாடகை வண்டிக் கம்பெனியின் வாசல். காலை பத்து மணிக்கே தார் இளகிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கிடைத்த ஆர்.வி. 25 அடி நீளம். முன்னால் ஃபோர்டு வேனின் முகம், அதன் முதுகில் ஒரு வீடு. இரண்டு படுக்கை, கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், திரும்பினால் முழங்கை இடிக்கும் கழிப்பறை, கூரைமேல் ஏர்கோன். அக்காவுக்குக் குழந்தை பிறந்து அப்பாவும் அம்மாவும் அமெரிக்கா வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்குக் கைநிறைய வேலை. அப்பாவுக்கு ஒன்றுமில்லை. அபார்ட்மெண்ட் பால்கனியில் நாற்காலியைப் போட்டு, தூரத்து நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார் என்று அக்கா போனில் சொன்னாள். மச்சான்தான் இந்த யோசனையைக் கொடுத்தார். நான் பினாங்கு பேக்டரியில் மூன்று வாரம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ, 3,400 கிலோமீட்டர் சொச்சம், பதினோரு நாள். வண்டியை அங்கே விட்டுவிட்டு விமானத்தில் திரும்புவதாக ஏற்பாடு.

அம்மா மட்டும் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்தார். "இருபத்தேழு வருஷம் வண்டியிலயே படுத்தாரு. இப்ப காசு குடுத்துப் போய் வண்டியில படுக்கணுமா?"

அம்மா சொன்னதில் மிகையில்லை. அப்பா பிறையில் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கிள்ளான் துறைமுகம், பாசிர் கூடாங், சில சமயம் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் வாரத்துக்கு இரண்டு இரவு வீட்டில் இருந்தால் அதிகம். வந்தால் தூங்குவார். எழுந்தால் கிளம்புவார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சத்தம் போடக்கூடாது என்று சொல்வார்களே, எங்களுக்கு அந்த விருந்தாளி அப்பாதான்.

வாடகை ஒப்பந்தத்தில் ஓட்டுநர் என்று என் பெயர் மட்டும்தான் இருந்தது. அப்பா அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். எதுவும் கேட்கவில்லை. இன்ஷூரன்ஸ் செலவு அதிகம் என்று நானாகச் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்துக்கு இரண்டு வருடம் முன்பு அப்பாவின் ஜிடிஎல் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சரக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கு அதற்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. அப்பாவுக்குப் பதினைந்து வருடமாக சுகர். அந்தக் காலத்தில் வீட்டுக்குள் நடக்கும்போது வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவர் தெரியாமலேயே போய்க்கொண்டிருப்பார். ஒரு தோல் சாவடியில் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் தடுப்புக் கம்பியில் போய் இடித்திருக்கிறார். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அம்மா என்னிடம் சொல்லிவிட்டார். கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் மலாயில் கேட்டார், கால் மரத்துப்போவது உண்டா என்று. அப்பா, "தாக் அடா" என்றார். நான் பக்கத்திலிருந்து, "அடா, டாக்டர்" என்றேன்.

டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே குத்தினார். பட்டால் சொல்லுங்கள் என்றார். அப்பா கண்ணை மூடியபடி காத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் ஏழெட்டு இடத்தில் குத்தி முடித்துவிட்டார். அப்பா இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தார்.

உரிமம் போனது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் பேசவில்லை. அதற்குப் பிறகும், சாப்பிட்டாச்சா, மழையா என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை.

ஆக, பதினோரு நாள், 25 அடி வண்டிக்குள் நாங்கள் இருவர்.

*

எண்பதாம் எண் நெடுஞ்சாலை கிழக்கே நியூ ஜெர்சியில் தொடங்கி மேற்கே சான் பிரான்சிஸ்கோவில் முடிகிறது. 1956இல் ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் பிறந்த சாலை வலை இது. இரட்டைப்படை எண் என்றால் கிழக்கு மேற்கு, ஒற்றைப்படை என்றால் வடக்கு தெற்கு. இதைச் சொன்னதும் அப்பா முதன்முதலாகத் தலையாட்டினார். "நல்ல ஏற்பாடு. மேப் இல்லாமயே திசை தெரியும்." நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை மொத்தமாக 770 கிலோமீட்டர் சொச்சம்தான். 1994இல் அது முழுதாகத் திறந்தபோது ஓட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். அதற்கு முன் பழைய சாலையில் ஈப்போ தாண்டுவதற்குள் விடிந்துவிடும் என்பார்.

மிசிசிப்பி நதியைக் கடந்து அயோவா மாநிலத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் வால்காட் என்ற சின்ன ஊர். உலகத்திலேயே பெரிய லாரி நிறுத்தம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஆர் அண்ட் ஆரை இருபதால் பெருக்கிக்கொள்ளுங்கள். குளியலறை, முடிவெட்டும் கடை, பல் டாக்டர், லாரிக்கு மாட்டும் குரோம் சாமான்களுக்கு மட்டும் தனிக்கடை. பக்கத்தில் பழைய லாரிகளுக்கு ஒரு அருங்காட்சியகம், நுழைவு இலவசம். நான் அரை மணி நேரம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அப்பா மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். நூறு வருடத்துக்கு முந்தைய, சங்கிலியால் சக்கரம் சுற்றும் லாரி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கோயிலில் நிற்பதைப்போல என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் கோயிலில் அவர் அப்படியெல்லாம் நின்றதில்லை.

நெப்ராஸ்கா முழுக்க ரயில் தண்டவாளம் சாலையை ஒட்டியே வருகிறது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்டெய்னர் அடுக்கிய சரக்கு ரயில்கள், தலை கடந்து வால் வருவதற்கு நிமிடக்கணக்கில் ஆகும். அப்பா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டே வந்தார். "எவர்கிரீன். மார்ஸ்க். மறுபடி எவர்கிரீன்." பிறகு, "இதெல்லாம் நான் இழுத்த பொட்டிடா" என்றார். அதே பெட்டி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் இருக்கக்கூடாது? அது கடலில் சுற்றிக்கொண்டே இருக்கும் பெட்டிதானே.

ஆர்.வி.யில் கோடைக்காலப் பயணம் என்றால் விளம்பரப் படங்களில் ஏரிக்கரையில் நாற்காலி போட்டுக் காபி குடிப்பார்கள். நடைமுறையில் பாதி நேரம் மின்சாரக் கணக்கும் கழிவுநீர்க் கணக்கும்தான். முகாமில் எங்களுக்குக் கிடைத்தது 30 ஆம்பியர் இணைப்பு. 120 வோல்ட், அதாவது 3,600 வாட். வெளியே 38 டிகிரி வெயிலில் ஏர்கோனை நிறுத்த முடியாது, அது பாதியைத் தின்றுவிடும். முதல் இரவு நான் மைக்ரோவேவில் சோற்றைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன், அப்பா மைலோவுக்குக் கெட்டிலைத் தட்டினார். படக். இருட்டு. எல்லாம் அடங்கிப்போன வண்டிக்குள் அப்பாவின் குரல்: "நான் ஒண்ணும் தொடல."

கழிவுத்தொட்டியைக் காலி செய்வது என் வேலை என்று நினைத்திருந்தேன். அப்பா கையுறையைப் பிடுங்கிக்கொண்டார். தடித்த குழாயை மாட்டி, முதலில் மலத்தொட்டி, அது கழுவிப்போக அடுத்து குளியல் தண்ணீர் என்று வரிசை சொன்னதும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். நான் மூக்கைப் பொத்தியதைப் பார்த்து, "உன்னக் கழுவிவிட்டப்ப யாரும் மூக்கப் பொத்தலடா" என்றார். ஒரு கணம் நின்று, "அம்மாதான் கழுவுனா. நான் எங்க இருந்தேன்" என்று தானே சொல்லிக்கொண்டு குழாயை உதறினார்.

அந்த வீட்டுக்குள் அவர் பழகிய விதம்தான் எனக்கு ஆச்சரியம். நான் தினமும் எங்காவது தலையை இடித்துக்கொண்டேன். அவருக்கு அதெல்லாம் இல்லை. கிளம்புமுன் அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். தட்டுகளுக்கு நடுவில் துணி வைத்து, சத்தம் வராமல் அடுக்குவார். திரைச்சீலை இருந்தும் ஜன்னலில் துண்டைக் கட்டித்தான் தூங்குவார். அந்தத் துண்டை எனக்குத் தெரியும். ஒன்பது வயதில், டிசம்பர் பள்ளி விடுமுறையில், ஒரே ஒரு தடவை என்னைக் கெலிண்டானாகக் கிள்ளானுக்குக் கூட்டிப்போனார். இருக்கைக்குப் பின்னாலிருந்த பலகையில் நான் படுத்திருந்தேன். அவர் ஜன்னலில் துண்டைக் கட்டிவிட்டு ஸ்டியரிங்கின்மேல் காலை நீட்டித் தூங்கினார். தஞ்சோங் மாலிம் தாண்டி நான் வாந்தி எடுத்தேன். அதோடு என்னைக் கூட்டிப்போகவில்லை.

நெப்ராஸ்கா முகாமில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவில் இடம். நான் மூன்று தடவை முயன்று கோணலாகவே போனேன். பக்கத்து வண்டியின் அமெரிக்கத் தாத்தா நாற்காலியைத் திருப்பிப் போட்டு வேடிக்கை பார்த்தார். அப்பா இறங்கிப் பின்னால் போய், வலப்பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நின்றுகொண்டார். "கோஸ்தான்... கோஸ்தான்... லெஃப்ட்டு ஒடி. இன்னும் ஒடி. நேராக்கு. கோஸ்தான்." வண்டியின் உடம்பில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. நிறுத்து என்று அர்த்தம். இறங்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாக இடைவெளி. தாத்தா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இத்தனை வருடத்தில் அப்பா எனக்குக் கெலிண்டானாக நிற்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்தத் தாத்தாவும் அவர் மனைவியும் வீட்டை விற்றுவிட்டு நிரந்தரமாக வண்டியிலேயே வாழ்பவர்கள். கோடையில் வடக்கு, குளிரில் அரிசோனா. நான் 'நோமேட்லேண்ட்' படத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், வீட்டுக்கடன் கட்ட முடியாமல் சாலைக்கு வந்தவர்களின் சோகத்தை அவர்கள் முகத்தில் தேடினேன். அவர்கள் எங்களுக்குச் சோளம் சுட்டுக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு மட்டும் புரியவில்லை. "வீடு இருந்துச்சாம். வித்துட்டாங்களாம்." படுத்த பிறகும் இருட்டில் சொன்னார். "நான் வண்டியில படுத்தது வீடு கட்டறதுக்குடா."

*

வயோமிங்கில் காற்று. 8,640 அடி உயரத்தில் இந்தச் சாலையின் உச்சி, அங்கே லிங்கனின் பெரிய தலைச்சிலை ஒன்று நிற்கிறது. எங்கள் வண்டி பெட்டி மாதிரி உயரமாக இருந்ததால் காற்று பக்கவாட்டில் அறைந்தது, ஸ்டியரிங்கை இறுக்கி இறுக்கி என் தோள் வலித்தது. வெட்டவெளியில் வரிசை வரிசையாக மரவேலிகள், அடைப்பதற்கு ஒரு மாடுகூட இல்லை. குளிர்காலத்தில் சாலையில் பனி குவியாமல் தடுக்க என்று சொன்னேன். அப்பா வெகுநேரம் அந்த வேலிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

லாரமிக்கு அருகே ஒரு பஞ்சாபி தாபா. ஆமாம், வயோமிங்கில். அமெரிக்க லாரித் தொழிலில் சீக்கியர்கள் ஏராளம், அவர்களுக்காக இந்த வழியில் பராத்தாவும் டீயும் கிடைக்கிறது. அப்பா ஆறு நாளில் முதல்முறையாக இரண்டு கிளாஸ் டீ குடித்தார், சீனி இல்லாமல். எதிர் மேசையில் தலைப்பாகை கட்டிய ஓட்டுநர். அப்பாவுடைய உடைந்த ஆங்கிலத்துக்கும் அவருடைய உடைந்த ஆங்கிலத்துக்கும் நன்றாக ஒத்துப்போனது. எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள் என்று அப்பா கேட்டார். ஒரு நாளில் 11 மணி நேரம்தான், வண்டியில் உள்ள மின்னணுக் கருவி கணக்கு வைத்திருக்கும், அதைத் தாண்டினால் மாட்டிக்கொள்வோம் என்றார் அவர். பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகுதான் அடுத்த ஓட்டம்.

"எங்களுக்கு டிரிப்புக்குத்தான் காசு" என்றார் அப்பா. "தூங்குனா காசு இல்ல."

அப்புறம் பேச்சு சுகருக்குத் திரும்பியது. அவருக்கும் சுகர், இன்சுலின் போடுகிறார். வருடா வருடம் டாக்டர் சான்றிதழ் வேண்டும், கால் கண் எல்லாம் பார்ப்பார்கள் என்று சிரித்தார். போன தடவை பொய் சொல்லப் பார்த்தேன், கூட வந்த மனைவி விடவில்லை என்றார். அப்பா டீ கிளாஸை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் பராத்தாவைப் பார்த்தேன்.

மறுநாள் யூட்டா மாநிலம். சால்ட் லேக் சிட்டிக்கு முன்னால் பார்லீஸ் என்ற மலைவழி. இதற்கு முந்தின நாட்களில் ஒன்றைக் கவனித்திருந்தேன். நான் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அப்பாவின் வலது காலும் தரையை மிதிக்கும். இங்கே மேலிருந்து நகரம்வரை எழுநூறு மீட்டர் சொச்சம் ஒரே இறக்கம், வளைவுகளோடு. ஓரத்தில் பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சரளைக்கல் கொட்டிய மேட்டுப்பாதைகள். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். பாதிவழியில் ஒரு வாடை. கருகிய வாடை. மிதி கொஞ்சம் மெத்தென்று உள்ளே போனது.

"கால எடு."

"என்னப்பா?"

"பிரேக்குலேர்ந்து கால எடு. கியரக் குறை."

"ஆட்டோ பா இது."

"ஆட்டோவுல நம்பர் இல்லியா? மூணு போடு. இப்ப ரெண்டு."

இரண்டுக்கு இழுத்தேன். இன்ஜின் அலறியது. ஏதோ வெடிக்கப்போகிறது என்று நினைத்தேன். அப்பா குரல் உயரவே இல்லை. "கத்தட்டும். இன்ஜின் கத்துனா ஒண்ணும் ஆவாது. பிரேக் வாசம் வந்தாதான் பயப்படணும். வேகம் ஏறுனா மட்டும் ஒரு தடவ அழுத்து, விட்டுடு. காஞ்ச சோத்த மெல்ற மாதிரி மென்னுக்கிட்டே இருக்காத."

கீழே வந்து ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தியபோது என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பிறகு கணக்குப் போட்டேன், பழக்கதோஷம். ஆறு டன் எடை, எழுநூறு மீட்டர். 41 மெகாஜூல். நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம். அதை நான் அந்த நான்கு சக்கரத்து பிரேக்கின் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். இதைப் பல்கலைக்கழகத்தில் எழுதிப் பரீட்சை தேறியவன் நான். அப்பா ஆறாம் வகுப்பு. "மேல ஏறுன கியர்லயே கீழ இறங்கணும்" என்று மட்டும் சொன்னார். பின்சக்கரத்துக்கு அருகே கையைக் கொண்டுபோய், தொடாமல், சூடு பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிளம்பவிட்டார்.

*

சால்ட் லேக் சிட்டிக்கு மேற்கே சாலை ஒரு கோடாகிவிடுகிறது. இருபுறமும் உப்பு. பானவில் உப்புவெளி. எப்போதோ ஒரு பெரிய ஏரி வற்றி மிச்சம் வைத்தது. கார்களின் வேகச் சாதனைகளை நடத்தும் இடம். நெவாடா எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஓய்விடத்தில் நிறுத்தி, உப்பின்மேல் நடந்து போகலாம். மாலை ஆறு மணிக்கும் கண் கூசியது.

நான் சாவியைக் கையில் வைத்திருந்தேன். சாலை நேராக இருந்தது, வண்டிகள் குறைவு. கேட்டுவிடலாமா என்று காலையிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் ஓட்டட்டுமே, யார் பார்க்கப்போகிறார்கள்? "அப்பா, வேணும்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். சுகர்காரர்கள் வெறுங்காலோடு நடக்கக்கூடாது, அதைச் சொல்லச் சொல்ல அவர் காலுறையையும் உருவிவிட்டார். வலது பாதத்தை உப்பின்மேல் வைத்தார். நின்றார். கிளினிக்கில் காத்திருந்த அதே முகம்.

"டேய்."

"சொல்லுங்கப்பா."

"இது சூடா இருக்கா, சில்லுன்னு இருக்கா?"

நான் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மேலே லேசான சூடு. விரலால் கீறினால் அடியில் ஈரம், குளிர்ச்சி. அப்படியே சொன்னேன்.

"ம்" என்றார். இன்னும் கொஞ்சநேரம் நின்றார்.

வண்டிப் படியில் அவரை உட்காரவைத்து, பாட்டில் தண்ணீரால் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கில் வெட்டுக்காயம் ஏதும் இருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் பார்த்தேன். அப்பாவின் காலை அவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை. குதிகாலில் பழைய வெடிப்புகள், கட்டைவிரலுக்கு அடியில் இருபத்தேழு வருட மிதியின் காய்ப்பு. துடைத்து, காலுறையை மாட்டிவிட்டேன். சாவியைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

"நேரமாச்சு. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரு" என்றார்.

நெவாடா பெரிய மாநிலம், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயில், மலை, சூதாட்டக்கூடம், மறுபடி வெயில். 100 கிலோமீட்டருக்கு 27 லிட்டர் குடித்த வண்டிக்கு, நம் ஊரைவிட இரண்டு மடங்குக்குமேல் விலை கொடுத்துப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே வந்தேன். அப்பா ஒவ்வொரு நிலையத்திலும் ரிங்கிட்டில் பெருக்கித் தலையிலடித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் சியர்ரா மலை. டானர் உச்சி ஏறக்குறைய 2,200 மீட்டர், அங்கிருந்து சாக்ரமெண்டோ சமவெளிவரை நெடிய இறக்கம். இரண்டு பக்கமும் பைன் மரங்கள். உச்சிக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிட்டேன். இன்ஜின் கத்தியது, கத்தட்டும் என்று விட்டேன். வேகம் ஏறும்போது ஒரு அழுத்து, விடு. ஒரு அழுத்து, விடு. சரியாகத்தான் செய்கிறேனா என்று கேட்கப் பக்கத்தில் திரும்பினேன்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தன் பக்கத்து ஜன்னலில் துண்டைச் செருகியிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கால் ஷூவோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, எதையும் மிதிக்காமல்.